மனைவி என்ற கட்டத்தில் என் கணவர்

நான் வேலை பார்த்த மில்லில் தொழிலாளர்களுக்கென்று ஒரு மருத்துவ நிதி இருந்தது. நாங்கள் அதை சிக் ஃபண்டு என்போம். சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகையை அதற்காகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மில் டிஸ்பென்சரியில் மருந்து கிடைக்கும். ஆபரேஷன் என்றால் மிஷன் ஆஸ்பத்திரியில் படுக்கை. அரசாங்கத்தின் தொழிலாளர் இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது மைசூர் வரை இன்னும் வந்து சேரவில்லை. சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன.

மில்லில் எந்த ஆணுக்குக் கல்யாணம் ஆனாலும், லீவு முடிந்து வந்த கையோடு டைம் ஆபீஸுக்குப் போய் மனைவியின் பெயரை ஃபண்டில் சேர்த்துவிட்டு வருவார். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். எங்கள் பிரிவில் கல்யாணமான பெண்களும் சிலர் இருந்தார்கள். அவர்களிலே யாரும் கணவனின் பெயரைச் சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கும் அப்படி ஒரு யோசனை வந்திருக்காது, என் கணவருக்குக் குடலிறக்கம் வராமல் இருந்திருந்தால்.

எனக்குக் கல்யாணம் சற்றுத் தாமதமாகத்தான் ஆயிற்று. அப்பா இறந்த பிறகு நான் நூல் சுற்றும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது இருபத்தேழு வயது. எங்கள் பங்குச் சாமியார்தான் இந்த வரனைச் சொன்னார். மாப்பிள்ளை மண்டி மொஹல்லாவில் ஒரு கல்யாண பேண்டில் கார்னெட் என்ற சின்னப் பித்தளைக் குழல் ஊதுகிறவர். குடிக்கமாட்டார், அம்மா மட்டும் உண்டு, பூர்வீகம் மார்டள்ளி கிராமம். கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் முடிந்தது. பேண்டுக்காரர்கள் இலவசமாக வாசித்தார்கள். மாப்பிள்ளை வாசிக்காத பேண்டு என்பதால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போயிற்று என்று பிற்பாடு அவரே சொன்னார்.

நான் மாமியார் வீட்டுக்குப் போனேன். மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இருந்த ஒண்டுக்குடித்தனம். முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு சமையலறை. முன்னறைச் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் என் கணவரின் பேண்டு உடுப்பு மாட்டியிருக்கும். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் சரிகைக் கயிறு. மாமியார் அதைத் தினமும் தட்டித் துடைத்து வைப்பார். முகூர்த்த மாதங்களில் அந்தக் கோட்டு ஓய்ந்து தொங்கியதில்லை. ஆடி, மார்கழியிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்திலும் அது சுவரிலேயே இருக்கும். அப்போது வீடு என் சம்பளத்தில் நடக்கும். அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை.

கோட்டுக்கு உள்ளே அவர் வயிற்றின் அடிப்பக்கம் ஒரு நீளத் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வதை நான் கல்யாணமான புதிதிலேயே பார்த்தேன். கேட்டதற்கு, ஊதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள் என்றார். நான் நம்பினேன். வைகாசியில் ஒரு நாள் மாலை, சந்தைப் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். நிமிர முடியவில்லை. தொடைக்கு மேலே ஒரு எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. பல வருஷமாக இருந்ததாம். அவருடைய அம்மாவுக்கே தெரியாது.

மறுநாள் மில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர், பெங்களூரில் சர்ஜனாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். புடைப்பு உள்ளே போயிற்று. இருமச் சொன்னதும் வெளியே வந்தது.

"என்ன வேலைப்பா உனக்கு?"

"பேண்டுல கார்னெட் ஊதறேன் சார்."

"இனிமே ஊதாதே. ஆபரேஷன் பண்ற வரைக்கும் தொடவே கூடாது. சிக்கிக்கிச்சுன்னா உசிருக்கு ஆபத்து." பிறகு என்னைப் பார்த்தார். "ஃபண்டுல இவர் பேர் இருக்கா?"

"இல்ல சார்."

"சேர்த்துட்டு வாம்மா. மிஷன் ஆஸ்பத்திரியில நானே பண்ணிடறேன்."

அவருக்கு இது சின்ன விஷயமாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. அன்றே டைம் ஆபீஸுக்குப் போனேன்.

ஃபண்டு வேலைகளைப் பார்த்த குமாஸ்தா கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசி ஒரு மாதிரி தமிழ் பேசுவார். கெட்டவர் இல்லை. படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, பேனாவைத் திறந்து, என் டோக்கன் நம்பரை எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அதில் மனைவியின் பெயர் என்று இங்கிலீஷிலும் கன்னடத்திலும் அச்சடித்திருந்தது.

"ஏனம்மா இது? 'ஹெண்டத்தி'ன்னு போட்டிருக்கு. பொண்டாட்டி பேரு. நீ இதுல யஜமானர் பேரை எழுதச் சொல்றே."

"வேற கட்டம் இல்லையா சார்?"

படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "மக்களுக்கு, அதான் பிள்ளைங்களுக்கு, இருக்கு. அப்பா அம்மாவுக்கு இருக்கு. கண்டனுக்கு, புருஷனுக்கு, இல்லை." பேனாவை மூடினார். "ரூல்ஸ்ல 'குடும்பம்'னு இருக்கும்மா. குடும்பம்னா ஹெண்டத்தி மக்களு. புருஷன் எப்படி அதுக்குள்ள வருவான்? அவன் தானே குடும்பத்தை வெச்சிருக்கறவன்?"

"என் சம்பளத்துலயும் பிடிக்கறீங்களே சார்."

பிடிப்பது உண்மைதான் என்றார். கமிட்டியில் வைத்துப் பார்க்கிறேன், நம்பிக்கை வைக்காதே என்றும் சொன்னார்.

கமிட்டி என்பது மூன்று பேர்: ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி, யூனியனிலிருந்து ஒருவர், மில் டாக்டர். அவர்கள் சொல்லியனுப்பிய பதில் குமாஸ்தா மூலம் வந்தது. மனைவியின் சம்பளத்தை நம்பி வாழ்கிற கணவன் என்று தெரிந்தால் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதற்குக் குமாஸ்தா வீட்டுக்கு வந்து விசாரிப்பார். கணவனும் தனக்கு வருமானம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் கணவர் தரையில் உட்கார்ந்து கார்னெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊதக்கூடாது என்றார்களே தவிர துடைக்கக்கூடாது என்று சொல்லவில்லை என்பார். மாமியார் சமையலறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"என்னன்னு எழுதோணுமாம்?"

"அவருக்கு இப்ப வருமானம் இல்ல, என் சம்பளத்துலதான் வீடு நடக்குதுன்னு, அத்தே."

"ஏ புள்ள, என்ற பையன் பொண்டாட்டி காசுல கஞ்சி குடிக்கறான்னு எழுதி வாங்கி மில்லுல மாட்டி வெப்பாங்களா?"

"மாட்டல்லாம் மாட்டாங்க. உள்ள வெச்சுக்குவாங்க."

"எங்க வெச்சா என்ன. எழுதுனது எழுதுனதுதான்."

"அப்ப கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போறேம்மா" என்றார் என் கணவர்.

"உங்கப்பன் அங்கதான் போனாரு. நடந்து போனாரு, நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க. நான் இருக்கற வரைக்கும் நீ அந்த வாசலை மிதிக்கப்படாது."

மாமனார் போனது விஷக்காய்ச்சலில். எந்த ஆஸ்பத்திரியானாலும் அன்று பிழைத்திருக்கமாட்டார் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். மாமியாரிடம் அதைச் சொல்ல முடியாது. அந்த ஆஸ்பத்திரியும் வேண்டாம், இந்தக் கையெழுத்தும் வேண்டாம், பையனும் பிழைக்க வேண்டும். அவருடைய கணக்கு அப்படி இருந்தது. என் கணவர் துடைத்த கார்னெட்டைப் பெட்டியில் வைத்து மூடினார்.

அடுத்த வாரம் குமாஸ்தா வந்துவிட்டுப் போனார். அப்போது நான் மில்லில் இருந்தேன். என் கணவர் பேண்டு கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் மாமியார் மட்டும்தான். என்ன நடந்தது என்பதை மறுநாள் குமாஸ்தாவே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க மாமியார் ரொம்ப மரியாதையான அம்மா. ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாங்க. காபி ரொம்ப சென்னாகி, நல்லா இருந்துது. ஆனா உன் காரியம் ஆகல்லம்மா."

மாமியார் அவருக்குச் சுவரில் இருந்த கோட்டைக் காட்டியிருக்கிறார். பையனுக்கு முகூர்த்த மாதங்களில் ராத்திரி பகல் ஓய்வே கிடையாது, குடகிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள், வருகிற வருமானத்தை வைக்க இடமில்லை என்றிருக்கிறார். மருமகள் ஏன் மில்லுக்குப் போகிறாள் என்று கேட்டதற்கு, அவளுக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காது, அதனால் அனுப்புகிறோம் என்று பதில். குமாஸ்தா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே சொன்னேன். சத்தம் போடவில்லை. போட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்ததும் களைப்பாக இருந்தது. மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? போன வருசம் குடகுக்குப் போகலியா அவன்?"

"ஊட்டிக்கு எப்பம்மா போனேன்?" என்று கேட்டார் என் கணவர்.

"கூப்பிட்டிருந்தா போயிருப்பே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாக வாய்விட்டுச் சிரித்தார். பாதியில் முகம் மாறியது. இடுப்புக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நெற்றி வியர்த்துவிட்டது. புடைப்பு வெளியே வந்து உள்ளே போகமாட்டேன் என்றது. டாக்டர் சொல்லியிருந்தபடி அவரைப் படுக்கவைத்து, காலை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமியார் கீரைக் கையோடு தலைமாட்டில் நின்று ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து அது தானாக உள்ளே போயிற்று.

எழுந்து உட்கார்ந்ததும் என் கணவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு நானே போய்ச் சொல்லிக்கறேன்." மாமியார் கீழே சிந்திய கீரையைப் பொறுக்கினார்.

மறுநாளே போக முடியவில்லை. கமிட்டி கூடும் நாள்வரை காத்திருந்தோம். அன்று எனக்கு ஷிப்டிலிருந்து சிறிது நேரம் அனுமதி கொடுத்தார்கள். என் கணவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் கதவோரமாக நின்றுகொண்டேன். மூன்று பேரும் நாற்காலிகளில் இருந்தார்கள்; குமாஸ்தா பக்கத்தில் ஸ்டூலில். பேச்சு கன்னடத்தில் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

அதிகாரி காகிதத்தைப் படித்துவிட்டுக் கேட்டார். "உன் வருமானம் நல்லா இருக்குன்னு உன் தாயாரே சொல்லியிருக்காங்களே?"

"அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க சார். முகூர்த்த மாசத்துல வரும். மத்த மாசத்துல வராது. இப்ப டாக்டர் ஊதக்கூடாதுன்னுட்டார், அதனால எந்த மாசமும் வராது."

"வேற வேலை தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப யார் சம்பளத்துல சாப்பிடறே?"

"இவ சம்பளத்துல."

என்னைத் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. யூனியன்காரருக்கும் சங்கடமாகப் போயிற்று. அவர் இடையில் புகுந்தார். "அப்படி ஒரேயடியாச் சொல்லாதேப்பா. தற்காலிகமா ஒரு கஷ்டம், அவ்வளவுதானே."

"தற்காலிகமோ என்னமோ சார். இன்னைக்குக் காலையில சாப்பிட்டது இவ சம்பாதிச்சது."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குமாஸ்தா மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் வேறெங்கோ பார்த்தார்கள். என் கணவர் மட்டும் கேட்டவரின் முகத்தைப் பார்த்தபடி, அடுத்த கேள்வி என்ன என்பதுபோல நின்றார்.

யூனியன்காரர்தான் மறுபடி பேசினார். "நம்ம ஆள்தான், கொடுக்கலாம். ஆனா நாளைக்கு எல்லாப் பொம்பளைங்களும் புருஷனைக் கூட்டிட்டு வந்து நின்னா ஃபண்டு தாங்குமா?"

"வரட்டுமே" என்றார் டாக்டர். "எத்தனை பேர் வந்து இந்த மாதிரி சொல்லுவாங்கன்னு நினைக்கறீங்க?"

ஒரு வருஷத்துக்கு மட்டும், டாக்டர் சான்றிதழின் பேரில் என்று முடிவாயிற்று. என் கணவர் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா அதே படிவத்தைத் திரும்ப எடுத்தார். அச்சடித்ததை அடித்துத் திருத்த அவருக்கு அதிகாரம் இல்லையாம். அதனால் மனைவியின் பெயர் என்ற கட்டத்துக்குள்ளேயே என் கணவரின் பெயரை எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் பொடியாக 'ஆண்' என்று போட்டார்.

நான் ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும். கேட் வரைக்கும் கூட நடந்தேன்.

"ரொம்பக் கஷ்டமா இருந்துதாங்க?"

"ஆமா. அவ்வளவு நேரம் நிக்க வெச்சுட்டாங்க" என்றார். வயிற்றில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவர் வேறொன்றை மறைத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறாரோ என்று சில நாள் கவனித்தேன். அப்படி எதுவும் இல்லை. நிற்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது.

ஆபரேஷன் ஆனியில் நடந்தது. எனக்கு அன்று ஒரு நாள்தான் லீவு. மற்ற நாட்களில் மாமியார் வார்டில் இருந்தார். நான் ஷிப்டு முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், கன்னியாஸ்திரிகள் மணியடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, உங்க மில்லுல சொந்தமா பேண்டு வெச்சிருக்காங்களா?"

எனக்குப் புரியவில்லை. மாமியார் வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்: மில் முதலாளிக்கு என் பையனின் கார்னெட் என்றால் உயிர், ஆயுத பூஜைக்கு அவன்தான் ஊத வேண்டும் என்று பிடிவாதம், அதனால்தான் மில் செலவில் படுக்கை கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பெண் கேட்டபோது மாமியார் சாத்துக்குடி உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"வெக்கப் போறதா ஒரு பேச்சு இருக்கு" என்றேன்.

மாமியார் திரும்பவும் உரிக்கத் தொடங்கினார். முதல் சுளையை என்னிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அரை வருஷம் ஊதவும் கூடாது, கனமான எதையும் தூக்கவும் கூடாது. அவருக்குப் பொழுது போகவில்லை. சாதம் வடிக்கவும் குழம்பு வைக்கவும் கற்றுக்கொண்டார். நான் ஷிப்டிலிருந்து வரும்போது சூடாகத் தட்டில் இருக்கும். அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போனால் மாமியார் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்துவார். சந்தில் எல்லோருக்கும் தெரியும். புகை ஜன்னல் வழியாகப் போகத்தானே செய்யும்.

அந்த நாட்களில் எங்கள் பிரிவில் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவள் கணவன் கட்டட வேலை செய்கிறவன், காசநோயில் படுத்துவிட்டான். அவளும் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை குமாஸ்தா மறுக்கவில்லை. கணவன் கமிட்டி முன்னால் வந்து சொல்ல வேண்டும் என்றிருக்கிறார். அவள் கணவன் முடியாது என்றுவிட்டான். செத்தாலும் அங்கே போய் நிற்கமாட்டேன் என்கிறானாம். "உங்க வீட்டுக்காரரு வந்து ஒரு வார்த்தை பேசினா கேப்பாரோ என்னமோக்கா" என்றாள்.

நான் வீட்டில் சொன்னேன். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். இரண்டு மூன்று முறை போனார் என்று நினைக்கிறேன். அங்கே என்ன பேசினார் என்று கேட்டதற்கு, பெரும்பாலும் கட்டட வேலையைப் பற்றித்தான் பேசினோம் என்றார். அடுத்த கமிட்டிக்கு அந்த மனிதன் வந்தான். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, பெயர் சேர்ந்தது. சானடோரியத்தில் வெகுநாள் இருந்து திரும்பினான். பழைய வேலைக்குப் போக முடியவில்லை. அவர்கள் வீட்டில் பிறகும் அவள்தான் சம்பாதித்தாள்.

தை பிறந்ததும் என் கணவர் பேண்டு கடைக்குப் போனார். அவர் இடத்தில் பேண்டு மாஸ்டரின் அக்கா மகன் வாசித்துக்கொண்டிருந்தான். முதல் சில கல்யாணங்களுக்கு இவருக்கு ஜால்ராவைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் நடந்தார். பங்குனிக்குள் இரண்டாவது கார்னெட் கிடைத்தது. ஃபண்டில் கொடுத்த ஒரு வருஷத்தின் கடைசியில் குமாஸ்தா என்னை நிறுத்திக் கேட்டார்.

"யஜமானரு ஊதறாரா?"

"ஊதறார் சார்."

"சந்தோஷம்மா." அந்தப் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார். அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். நான் திரும்ப வேலைக்குப் போன பிறகு, குழந்தையின் பெயரை ஃபண்டில் சேர்க்க நானே டைம் ஆபீஸுக்குப் போகிறேன் என்றேன். மாமியார் விடவில்லை. குழந்தையைப் பையனிடம் கொடுத்துவிட்டு, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானச் சீட்டோடு தானே வந்தார். குமாஸ்தாவுக்கு அவரை நன்றாக நினைவிருந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக்கொண்டார். அதோடு, வந்ததுதான் வந்தீர்கள், மருமகள் வேலை செய்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஆள் கூட அனுப்பினார். நூல் சுற்றும் பிரிவின் வாசலில் மாமியார் வந்து நிற்பதை நான் இயந்திர வரிசைக்கு நடுவிலிருந்து பார்த்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். என்னைத் தேடிக் கண்டுபிடித்ததும் கையை எடுத்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கையை அசைத்துவிட்டு, அறுந்த நூலை முடிச்சுப் போட நான் குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இந்தக் கத்து கத்துதே, இதுக்கெல்லாம் எண்ணெய் விடமாட்டாங்களான்னு கேட்டேன்" என்றார்.

விடுவார்கள், விட்டாலும் கத்தும் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.